இத்தாலிப் பயணம்: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது – முழுமையான வழிகாட்டி

முதல் தடவை இத்தாலிக்குப் போகிறவர்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பணம் வீணாவது பெரும்பாலும் வரிசை தவறுவதால்தான். விசா கைக்கு வருமுன் ரத்து செய்ய முடியாத ரயில் டிக்கெட்டை வாங்கிவிடுவார்கள். பழைய ரோமானிய அரங்கமான கொலோசியத்துக்கு நுழைவு நேரம் கிடைக்கிறதா என்று பார்க்காமல் ரோமில் ஓட்டலைப் போட்டுவிடுவார்கள். அதனால் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். வெனிஸ், ஃப்ளோரன்ஸ், ரோம் மூன்றையும் ஒன்பது பத்து நாட்களில் பார்க்க நினைப்பவர்களை மனதில் வைத்தது இது. கட்டணங்கள் அவ்வப்போது ஏறும். பணம் கட்டுமுன் அந்தந்த இடத்தின் சொந்த இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் ஊர்களும் இரவுகளும்

ஒரு காகிதத்தில் ஊர்ப் பெயரையும் எத்தனை இரவு என்பதையும் மட்டும் எழுதுங்கள். வெனிஸ் 2, ஃப்ளோரன்ஸ் 3, ரோம் 4 என்பது முதல் பயணத்துக்குச் சரியான கணக்கு. மிலானையும் அமல்ஃபிக் கரையையும் ஐந்து கடலோரக் கிராமங்களான சின்க்வே தெர்ரேயையும் இதே பயணத்தில் திணிக்காதீர்கள். ஒவ்வொரு முறை ஓட்டல் மாறும்போதும் அரை நாள் போய்விடும். பெட்டி கட்டுவது, நிலையத்துக்குப் போவது, அறை தயாராகும்வரை காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் அவ்வளவு ஆகும்.

விமானத்தில் ஓர் ஊரில் இறங்கி இன்னோர் ஊரிலிருந்து கிளம்புங்கள். வெனிஸில் இறங்கி ரோமிலிருந்து திரும்பினால், வந்த வழியே மறுபடி ரயிலில் போக வேண்டியதில்லை. விமானத் தளங்களில் ‘பல நகரங்கள்’ என்ற பிரிவில் தேடினால் இது கிடைக்கும். தனித்தனியாக இரண்டு ஒருவழி டிக்கெட் எடுத்தால் விலை எகிறிவிடும்.

மாதத்தைப் பொறுத்தவரை ஏப்ரல், மே, அப்புறம் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை நல்லது. ஆகஸ்ட்டைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். சென்னை வெயிலைப் பார்த்தவர்களுக்கு ரோம் வெயில் பெரிதில்லை என்று நினைப்போம். ஆனால் கொலோசியத்தை ஒட்டி இடிபாடுகளாக நிற்கும் ரோமானிய ஃபோரத்தில் நிழலே கிடையாது. அதோடு ஆகஸ்ட் 15 ‘ஃபெர்ரகோஸ்தோ’ விடுமுறை. அதை ஒட்டிய வாரங்களில் உள்ளூர்க்காரர்கள் கடைகளையும் சிறு உணவகங்களையும் மூடிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள்.

2. ரத்து செய்யக்கூடிய முன்பதிவுகள் மட்டும்

விசா விண்ணப்பத்துக்கு விமான முன்பதிவும் தங்குமிடச் சான்றும் வேண்டும். ஆனால் விசா கிடைக்கும் என்று உறுதி கிடையாது. எனவே இந்தக் கட்டத்தில் இலவசமாக ரத்து செய்யும் வசதியுள்ள ஓட்டல்களை மட்டும் போடுங்கள். விலை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். அதைக் காப்பீடு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டலைத் தேர்ந்தெடுக்கும்போது வரைபடத்தில் ரயில் நிலையத்திலிருந்து உள்ள தூரத்தை மட்டும் பார்த்தால் போதாது. வெனிஸில் நடுவில் எத்தனை பாலம் என்றும் பாருங்கள். அங்கே பாலங்கள் எல்லாம் படிக்கட்டுகள். 23 கிலோ பெட்டியை நான்கு பாலம் ஏற்றி இறக்கியவர்கள் அன்று மாலை எங்கும் போகமாட்டார்கள். வயதானவர்கள் கூட வந்தால், லிஃப்ட் இருக்கிறதா என்று ஓட்டலுக்கு எழுதிக் கேளுங்கள். பழைய கட்டடங்களில் அது இல்லாமல் இருப்பது சாதாரணம்.

வெனிஸ் விலை கட்டுப்படியாகாவிட்டால் மெஸ்த்ரேயில் தங்கலாம். ரயிலில் பத்து நிமிடம்தான். அதுவும் வெனிஸ் நகராட்சிக்குள்தான் வருகிறது என்பதால் பின்னால் சொல்லப்போகும் நுழைவுக் கட்டணத்திலும் விலக்கு உண்டு.

வாடகை வீடாக இருந்தால் விளம்பரத்தில் ‘சி.ஐ.என்.’ (CIN) எனப்படும் தேசிய அடையாள எண் இருக்கிறதா பாருங்கள். சுற்றுலா வாடகை வீடுகளுக்கு அது கட்டாயம். இல்லாத வீட்டைத் தொடாதீர்கள்.

நகர வரி தனி. ஓட்டல் விலையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. ரோமில் தங்குமிடத்தின் தரத்தைப் பொறுத்து ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 3.50 முதல் 10 யூரோ வரை. நான்கு பேர் நான்கு இரவு தங்கினால் சிறிய தொகை இல்லை. அதைக் கணக்கில் சேர்க்காமல் போய், கிளம்பும் நாள் காலையில் வரவேற்பு மேசையில் வாக்குவாதம் செய்பவர்கள் நிறையப் பேர்.

3. விசா

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். ஆனால் அந்த 15 நாளை நம்பி உட்காரக்கூடாது. கோடை விடுமுறைக்கு முந்தைய மாதங்களில் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே கஷ்டம். மூன்று மாதம் முன்பே தேடத் தொடங்குங்கள்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். அதிக இரவு தங்கும் நாடு எதுவோ அதனிடம். பாரிஸில் 3, இத்தாலியில் 6 என்றால் இத்தாலி. இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. ‘அந்த நாட்டில் விசா சுலபமாகக் கிடைக்கும்’ என்று கேள்விப்பட்டு வேறிடத்தில் கொடுத்தால் அதுவே நிராகரிப்புக்குக் காரணமாகலாம்.

பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் கொடுக்கப்பட்டதாக, ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பிய பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கங்களுடன் இருக்க வேண்டும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45, அதற்குக் கீழே இல்லை. மையத்தின் சேவைக் கட்டணம் வேறு. விசா மறுக்கப்பட்டாலும் இவை திரும்பி வராது.

ஆவணங்களில் அடிக்கடி சறுக்கும் இடம், தேதிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போவது. விமானம் 14ஆம் தேதி இறங்குகிறது, ஓட்டல் 15இலிருந்து போட்டிருக்கிறது, காப்பீடு 13ஆம் தேதியே முடிகிறது என்றால் அதிகாரி என்ன செய்வார்? கொடுப்பதற்கு முந்தின இரவு விமானம், ஓட்டல், காப்பீடு, விடுப்புக் கடிதம், முகப்புக் கடிதம் (கவரிங் லெட்டர்) ஐந்தையும் மேசையில் பரப்பித் தேதியை மட்டும் ஒப்பிடுங்கள். வங்கிக் கணக்கிலும் விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் திடீரென்று பெரிய தொகை வந்து விழ வேண்டாம். எங்கிருந்து வந்தது என்று காட்டச் சொல்வார்கள்.

4. விசா வந்ததும்: நேரம் குறித்த டிக்கெட்டுகள்

ரயிலை விட்டுவிட்டு முதலில் இதைச் செய்யுங்கள். ரயில் நாள் முழுக்க ஓடுகிறது. வத்திக்கான் அருங்காட்சியகத்தில் காலை 9 மணி இடம் ஒருமுறைதான் காலியாக இருக்கும். எனவே அருங்காட்சியக நேரத்தைப் பிடித்துவிட்டு அதைச் சுற்றி ரயிலை வைக்க வேண்டும்.

கொலோசியத்தின் டிக்கெட்டுகள் ஏறக்குறைய 30 நாள் முன்பு திறக்கின்றன. டிக்கெட்டில் பெயர் அச்சாகும், வாசலில் அடையாளம் பார்ப்பார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைப் போடுங்கள். நம்மில் பலருக்கு அப்பா பெயர் எங்கே போகும் என்ற குழப்பம் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருப்பதை அப்படியே குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதினால் போதும். அதே டிக்கெட்டில் ஃபோரமும் பலட்டைன் குன்றும் அடங்கும்.

வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு 60 நாள் முன்பே திறக்கும். ஞாயிறு விடுமுறை. மாதக் கடைசி ஞாயிறு மட்டும் இலவசம், அன்று கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிஸ்டின் சேப்பல் இந்த அருங்காட்சியகத்துக்குள்தான் இருக்கிறது. புனித பேதுரு பேராலயம் வேறு வாசல், நுழைவு இலவசம், பாதுகாப்புச் சோதனை வரிசை நீளம். புதன் காலையில் போப் மக்களைச் சந்திக்கும் நாளாக இருந்தால் பேராலயத்தைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள்.

ஃப்ளோரன்ஸில் உஃபீட்ஸி ஓவியக்கூடமும், டேவிட் சிலை இருக்கும் அக்காதெமியாவும் திங்கள் விடுமுறை. திங்களன்று முழு நாள் ஃப்ளோரன்ஸ் என்று திட்டம் போட்டுவிட்டுக் கதவைப் பார்த்துத் திரும்புவது வாடிக்கையாக நடக்கிறது. அந்த நாளைச் சாய்ந்த கோபுரம் இருக்கும் பீசா நகருக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ரயிலில் ஒரு மணி நேரம்தான். ஃப்ளோரன்ஸ் பேராலயக் குவிமாடத்தில் ஏறவும் நேரம் குறித்த டிக்கெட் வேண்டும். 463 படி, லிஃப்ட் இல்லை, பாதியில் திரும்பவும் வழியில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயிருந்து பார்த்தால் போதும்.

ரோமில் போர்கேசே கலைக்கூடத்துக்கு முன்பதிவு கட்டாயம். மிலானுக்குப் போகிறவர்களாக இருந்தால் டாவின்சியின் ‘கடைசி விருந்து’ ஓவியத்துக்கு மாதக்கணக்கில் முன்பே முயல வேண்டும். ஒரு குழுவுக்குக் கொடுப்பது 15 நிமிடம்தான்.

வெனிஸ் நுழைவுக் கட்டணம் 2024இல் தொடங்கியது. பகலில் வந்து போகிறவர்களுக்கானது. 2025இல் ஏப்ரலிலிருந்து ஜூலைவரை குறிப்பிட்ட நாட்களில், காலை 8.30 முதல் மாலை 4 மணிவரை அமலில் இருந்தது. முன்கூட்டிக் கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. அங்கே இரவு தங்குபவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் விலக்குக்கும் இணையத்தில் பதிவு செய்து குறியீடு எடுத்துவைக்க வேண்டும். ‘நாங்கள் ஓட்டலில் தங்குகிறோமே’ என்று வாய்வார்த்தையாகச் சொல்வதைவிட அது சுலபம்.

தேடுபொறியில் முதலில் வரும் தளம் பெரும்பாலும் இடைத்தரகர். அதே டிக்கெட்டை இரண்டு மடங்கு விலைக்கு விற்கும். அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் தீர்ந்துவிட்டால் மட்டும் வழிகாட்டியோடு கூடிய குழுப் பயணத்தைப் பாருங்கள்.

5. ரயில் டிக்கெட்

இரண்டு வகை ரயில் உண்டு. இரண்டையும் ஒன்று என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அதிவேக ரயில்களில் அரசின் த்ரெனித்தாலியா ஓட்டும் ஃப்ரெச்சாரொஸ்ஸாவும், தனியாரின் இத்தாலோவும் போட்டி போடுகின்றன. இவற்றின் விலை விமானம் மாதிரி நாளாக நாளாக ஏறும். அருங்காட்சியக நேரங்கள் உறுதியானதும் தாமதிக்காமல் எடுங்கள். ஒரு நிறுவனத்தின் டிக்கெட்டோடு இன்னொன்றில் ஏற முடியாது.

‘ரெஜொனாலே’ எனப்படும் சாதாரண ரயில்களுக்கு விலை மாறாது, இருக்கை எண்ணும் கிடையாது. ஃப்ளோரன்ஸ்–பீசா போன்ற பயணங்களுக்கு முன்கூட்டி எடுப்பதில் லாபம் எதுவும் இல்லை. அன்றைக்கே வாங்கலாம்.

தேடும்போது ஊர்களின் இத்தாலியப் பெயரைப் போடுங்கள்: ரோமா, ஃபிரென்சே, வெனேசியா, நாபொலி. வெனிஸில் இரண்டு நிலையங்கள். கால்வாய்க் கரையில் இறங்க வேண்டுமென்றால் சான்டா லூச்சியா. மெஸ்த்ரே பெருநிலத்தில் இருக்கிறது. ஃப்ளோரன்ஸில் சான்டா மரியா நொவெல்லா, ரோமில் தெர்மினி. வெனிஸிலிருந்து ஃப்ளோரன்ஸ் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஃப்ளோரன்ஸிலிருந்து ரோம் ஒன்றரை மணி.

மலிவு வகை டிக்கெட்டுகளை மாற்றவோ ரத்து செய்யவோ முடியாது. இறங்கும் நாளன்று ரயில் எடுப்பதாக இருந்தால் மலிவு வகையைத் தவிருங்கள். விமானம் தாமதமானால் ரயில் நமக்காக நிற்காது.

6. பெட்டிக்குள் போக வேண்டியவை

இத்தாலியில் மின்சாரம் 230 வோல்ட். நம் சார்ஜர்களுக்கு அது போதும், மாற்றி தேவையில்லை. பிளக்தான் வேறு: மூன்று உருண்டை முனை ஒரே வரிசையில் இருக்கும். நம் தடித்த மூன்று முனை பிளக் நுழையாது. அடாப்டரை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். ஓர் அடாப்டரும் நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றும் இருந்தால் குடும்பம் முழுக்கப் போன் சார்ஜ் போடலாம்.

பணத்துக்கு இரண்டு வெவ்வேறு கார்டு, கொஞ்சம் யூரோ நோட்டு. யூபிஐயை நம்பிப் போகாதீர்கள். கார்டு எந்திரம் ‘ரூபாயில் கட்டுகிறீர்களா, யூரோவிலா’ என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த எந்திரக்காரரே நிர்ணயிப்பார். வங்கிக் கட்டடத்தோடு ஒட்டிய ஏடிஎம்மில் மட்டும் பணம் எடுங்கள்.

ஏற்கெனவே போட்டுப் பழகிய, வழுக்காத காலணி ஒன்று போதும். புதுக் காலணியை அங்கே போய்த் தொடங்காதீர்கள், தெருவெல்லாம் கருங்கல் பாவியது. பெண்களும் ஆண்களும் தோளும் முழங்காலும் மறைகிற உடையோ, ஒரு துப்பட்டாவோ பையில் வைத்திருங்கள். பேராலய வாசலில் திருப்பி அனுப்புவது நிஜமாகவே நடக்கிறது.

அன்றாட மருந்துகளை மருத்துவர் சீட்டோடு, கைப்பையில்.

7. இறங்கும் நாள்

ஃப்ராங்க்ஃபர்ட் போன்ற வேறொரு ஷெங்கன் நகரம் வழியாகப் போனால் குடியேற்றச் சோதனை அங்கேயே நடக்கும். 2025 அக்டோபர் 12இலிருந்து விரல்ரேகை, முகப்படம் எடுக்கும் புதிய நுழைவு–வெளியேற்ற முறை படிப்படியாக வந்திருக்கிறது. முதல் பதிவுக்கு நேரம் பிடிக்கும். எனவே இடையில் இரண்டரை மூன்று மணி நேரமாவது இருக்கும்படி இணைப்பு விமானத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ரோமின் ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து தெர்மினிக்கு ‘லியொனார்தோ எக்ஸ்பிரஸ்’ 32 நிமிடத்தில் போகும், 14 யூரோ. நான்கு பேர் என்றால் டாக்ஸியே லாபம். பழைய நகர மதிலுக்குள் எங்கே இறங்கினாலும் நிர்ணயித்த கட்டணம் 55 யூரோ, பெட்டிகளும் அதில் அடக்கம். வெள்ளை நிற, மேலே பெயர்ப்பலகை உள்ள வண்டிகளின் வரிசையில் நில்லுங்கள். வாசலுக்குள்ளேயே வந்து ‘டாக்ஸி, டாக்ஸி’ என்று கூப்பிடுகிறவரோடு போகாதீர்கள்.

ஓட்டலில் பாஸ்போர்ட்டைக் கேட்டால் பயப்பட வேண்டாம். தங்குபவர்களின் விவரத்தைக் காவல்துறைக்கு அனுப்புவது அவர்கள் சட்டக் கடமை. எழுதிக்கொண்டதும் திரும்ப வாங்கிவிடுங்கள்.

8. ரயில் நிலையத்தில்

புதிதாகப் போகிறவர்கள் அதிகம் தவிக்கும் இடம் இதுதான்.

அறிவிப்புப் பலகையில் உங்கள் ஊர்ப் பெயரைத் தேடாதீர்கள். ரயில் எண்ணைத் தேடுங்கள். பலகையில் ரயிலின் கடைசி நிலையம்தான் பெரிதாக இருக்கும். ரோமிலிருந்து ஃப்ளோரன்ஸ் போகும் ரயில் மிலான் என்றோ வெனிஸ் என்றோ காட்டும். ‘நம் ரயிலைக் காணோமே’ என்று ஓடுவது இதனால்தான்.

‘பார்த்தென்சே’ என்பது புறப்பாடு, ‘அர்ரீவி’ வருகை. சுவரில் ஒட்டிய கால அட்டவணையில் மஞ்சள் தாள் புறப்பாட்டுக்கு, வெள்ளை வருகைக்கு. ‘பினாரியோ’ நடைமேடை. அதன் எண் பல நேரம் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான் தெரியும். எனவே பலகை தெரியும் இடத்தில் நின்றுகொண்டு எண் வந்ததும் நடங்கள். ‘ரித்தார்தோ’வுக்குப் பக்கத்தில் உள்ள எண், எத்தனை நிமிடத் தாமதம் என்பது.

இனி, அபராதம் வரும் விஷயம். சாதாரண ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுமுன் நடைமேடை அருகே உள்ள சிறு எந்திரத்தில் நுழைத்து முத்திரை போட்டாக வேண்டும். அந்த டிக்கெட்டில் இருக்கையோ குறிப்பிட்ட ரயிலோ இல்லை. முத்திரை இல்லாவிட்டால் அதையே நாளைக்கும் பயன்படுத்தலாம் என்று ஆகிவிடும் அல்லவா, அதைத் தடுக்கத்தான். போனில் வாங்கியிருந்தால் ரயில் கிளம்புமுன் செயலியிலோ மின்னஞ்சல் இணைப்பிலோ ‘செக்–இன்’ அழுத்த வேண்டும். பரிசோதகரிடம் ‘சுற்றுலாப் பயணி, தெரியாது’ என்பது எடுபடாது. அதிவேக ரயில்களுக்கு இது எதுவும் தேவையில்லை. அவற்றில் ரயிலும் இருக்கையும் ஏற்கெனவே குறித்தாயிற்று.

டிக்கெட் எந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து உதவ முன்வருகிறவர், பெட்டியைத் தூக்கி ரயிலில் வைக்கிறவர் இருவரும் கடைசியில் பணம் கேட்பார்கள். சிரித்துக்கொண்டே ‘நோ, க்ராட்ஸியே’ என்று சொல்லி நகருங்கள்.

வேலைநிறுத்தம் அங்கே சகஜம், ‘ஷோப்பெரோ’ என்பார்கள். நல்ல விஷயம், முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். போக்குவரத்து அமைச்சகத்தின் தளத்தில் பட்டியல் இருக்கும். வார நாட்களில் காலை 6–9, மாலை 6–9 மணிக்குள் சாதாரண ரயில்களில் ஒரு பகுதி ஓடியே ஆக வேண்டும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறை பார்த்துவிட்டால் அன்றைய திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம்.

பொம்பெய் இடிபாடுகளுக்கு ரோமிலிருந்தே ஒருநாளில் போய்வரலாம். நாபொலிவரை அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி. அங்கே நிலையத்தின் அடித்தளத்தில் கரிபால்தி என்ற பகுதியிலிருந்து ‘சிர்க்கும்வெசுவியானா’ உள்ளூர் ரயில். சொரெந்தோ செல்லும் தடத்தில் ஏறி, ‘பொம்பெய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி’ நிறுத்தத்தில் இறங்குங்கள். வெறும் ‘பொம்பெய்’ என்ற பெயரில் நகருக்குள் வேறு நிலையமும் உண்டு. அங்கே இறங்கினால் வெயிலில் நடைதான். 2024 நவம்பரிலிருந்து ஒருநாளைக்கு 20,000 பேர்தான் அனுமதி, டிக்கெட்டில் பெயரும் வேண்டும். அதனால் இதையும் நான்காம் படியிலேயே வாங்கிவிடுவது நல்லது.

9. ஊருக்குள் நகர்வது

ரோமில் 1.50 யூரோ டிக்கெட் 100 நிமிடம் செல்லும். பஸ் எத்தனை மாறினாலும் சரி, மெட்ரோ ஒருமுறைதான். தொடாமல் கட்டும் கார்டையும் காட்டலாம், ஆளுக்கு ஒரு கார்டு வைத்துக்கொள்ளுங்கள். காகித டிக்கெட் வேண்டுமென்றால் ஏறுமுன் ‘தபாக்கி’ எனும் புகையிலைக் கடையில் வாங்குங்கள், வாசலில் பெரிய ‘டி’ எழுத்துப் பலகை இருக்கும். பஸ்ஸில் ஏறியதும் முத்திரை.

வெனிஸில் நீர்ப்பேருந்து ‘வாப்பரெட்டோ’ ஒரு பயணம் 75 நிமிடத்துக்கு 9.50 யூரோ. அதிகம்தான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் பெட்டியோடு மட்டும் அதில் போய், மற்ற நேரம் நடந்தால் செலவு பாதியாகும். சூரியன் சாயும் நேரத்தில் 1ஆம் எண் படகில் பெருங்கால்வாய் முழுக்க ஒருமுறை போய்வாருங்கள். கொண்டோலா எனும் துடுப்புப் படகுக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பங்குதான் ஆகும்.

கார் தேவையில்லை. ஃப்ளோரன்ஸைச் சுற்றியுள்ள டஸ்கனி பகுதியின் கிராமங்களைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் அந்த ஒன்றிரண்டு நாளுக்கு மட்டும் எடுங்கள். ஊரில் ஆர்டிஓ தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி கட்டாயம் கையில் இருக்க வேண்டும். பழைய நகரங்களின் நடுப்பகுதி ‘இசட்.டி.எல்.’ (ZTL) எனும் வாகனக் கட்டுப்பாட்டு வலயம். தடுப்பு எதுவும் இருக்காது, கேமரா மட்டும்தான். உள்ளே போனது தெரியாது. ஊர் திரும்பி மாதங்கள் கழித்து அபராதக் கடிதம் வரும், வெளிநாட்டில் வசிப்பவருக்கு 360 நாள்வரை அவகாசம் உண்டு. விவரம் கொடுத்ததற்கென்று வாடகைக் கார் நிறுவனம் தனியாக ஒரு கட்டணம் பிடிக்கும். நகரத்துக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு நடப்பதே புத்தி.

10. சாப்பாடு

மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை, இரவு ஏழரைக்குமேல். நடுவில் நல்ல உணவகங்கள் மூடியிருக்கும். நாலு மணிக்குத் திறந்து வைத்து வாசலில் படம் போட்ட பட்டியலோடு அழைக்கும் கடை பெரும்பாலும் சுற்றுலாக்காரருக்கானது.

பில்லில் ‘கொப்பெர்த்தோ’ என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ இருக்கும். மேசைக்கான கட்டணம், ஏமாற்று இல்லை. பட்டியலிலேயே அச்சிட்டிருப்பார்கள். டிப்ஸ் கட்டாயம் கிடையாது. காபியைக் கவுன்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் இன்னொரு விலை. வெனிஸின் புனித மாற்கு சதுக்கத்தில் உட்காருமுன் விலைப்பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் போதாது. ‘சென்சா கார்னே, சென்சா பெஷே’, அதாவது இறைச்சியும் மீனும் இல்லாமல் என்று சொல்லுங்கள். நெத்திலி மாதிரியான ‘அலீச்சி’ மீன் பீட்சாவிலும் சாஸிலும் சத்தமில்லாமல் இருக்கும். காய்கறி சூப்பிலும் இறைச்சிச் சாறு கலப்பதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். பீட்சாப் பட்டியலில் ‘பெப்பெரோனி’ என்று இருந்தால் அது குடைமிளகாய், தயங்காமல் கேட்கலாம். கறாரான சைவர்களுக்கு ஒரு தகவல்: பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைத்தான் சேர்க்கிறார்கள். ‘சென்சா பார்மிஜானோ’ என்றால் தூவாமல் தருவார்கள். பூண்டும் ஆலிவ் எண்ணெயும் போட்ட ‘அல்யோ ஏ ஓல்யோ’, தக்காளி ‘பொமொதோரோ’ பாஸ்தா, சீஸ் இல்லாத ‘மரினாரா’ பீட்சா மூன்றும் எங்கேயும் கிடைக்கும். காரம் வேண்டுமென்றால் ‘பெப்பெரொன்சீனோ’ கேளுங்கள்.

தண்ணீர் பாட்டிலுக்குச் செலவழிக்காதீர்கள். ரோமில் ‘நஸோனி’ எனும் தெருக்குழாய்களில் நாள் முழுக்க நல்ல குடிநீர் ஓடுகிறது. காலி பாட்டில் ஒன்று போதும்.

11. பை, பணப்பை, அபராதம்

தெர்மினி, மெட்ரோ ஏ தடம், வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் எண் பஸ்: இந்த மூன்றிலும் கூட்டம் நெருங்கும்போது பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். கதவு மூடும் கணத்தில்தான் கை நீளும். யாராவது கையில் கயிறு கட்டவோ ரோஜாப்பூ திணிக்கவோ வந்தால் கையை மூடிக்கொண்டு நடங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் நிலையப் புகார், அப்புறம் தூதரகம். இந்தியத் தூதரகம் ரோமில், துணைத் தூதரகம் மிலானில். அவசர எண் 112.

தெருவில் விற்கும் போலிப் பிராண்ட் கைப்பையை வாங்கினால் வாங்கியவருக்கும் அபராதம், 7,000 யூரோவரை. ரோமில் ஸ்பானியப் படிக்கட்டில் உட்காருவது 2019இலிருந்து தடை. நீரூற்றில் கால் நனைப்பதற்கும் அபராதம் உண்டு.

12. திரும்பும் நாள்

ஒரே கடையில் 70 யூரோவுக்குமேல் வாங்கியிருந்தால் வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் கேட்டிருக்க வேண்டும். விமான நிலையத்தில் கேட்டால் கிடையாது.

பொருள் பெட்டிக்குள் இருந்தால், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்குமுன் வரித் திருப்பத்துக்கான சுங்க மேசைக்கோ எந்திரத்துக்கோ போங்கள். பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டுமே. பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்து நின்றால் முத்திரை விழாது. ஐரோப்பாவுக்குள் இன்னோர் ஊரில் விமானம் மாறுகிறீர்கள் என்றால், கைப்பையில் உள்ள பொருளுக்கு அந்தக் கடைசி ஐரோப்பிய விமான நிலையத்தில் சுங்கம் பார்ப்பார்கள். நேரே வளைகுடா வழியாகத் திரும்புகிறவர்கள் எல்லாவற்றையும் ரோமிலேயே முடிக்கலாம்.

இந்த வரிசைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். விமான நேரத்துக்கு நான்கு மணி முன்பு போனால் நிம்மதி. ஆலிவ் எண்ணெய் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒப்படைக்கும் பெட்டிக்குள் வையுங்கள், கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையிலேயே எடுத்துக்கொள்வார்கள்.